பிசிஆர்ல டாக் என்சைம் போட்டா அழகா வர்ற பேண்ட், ஹை ஃபிடிலிட்டி என்சைம் போட்டா காணாமப் போகுது, ரெண்டு வாரமா மண்டை காயுது

ஸ்ட்ரெப்டோ_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம், இது கொஞ்சம் நீளமான புலம்பல், டீயைக் கையில வச்சுக்கிட்டு படிங்க. பிஎச்டி ரெண்டாவது வருஷம். மண்ணுல இருந்து எடுத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியால இருந்து 1.4 கேபி (1400 பேஸ், அதாவது டிஎன்ஏ எழுத்து) ஜீன் ஒண்ண பிசிஆர்ல காப்பி எடுத்து பெட் 28ஏ வெக்டர்ல (ஜீன சுமக்குற வட்ட டிஎன்ஏ) போடணும், வெட்டுற என்சைம் என்டிஇ-1 ஒரு பக்கம் எக்ஸ்ஹோ-1 ஒரு பக்கம். ஜிசி (ஜி, சி எழுத்து ரெண்டும் சேத்து) 71 சதவீதம், அதுவே ஒரு தலைவலி.

மொதல்ல சாதா டாக் பாலிமரேஸ்லயே (டிஎன்ஏவ காப்பி அடிக்கிற என்சைம்) பண்ணேன். பேண்ட் வந்துச்சு, கொஞ்சம் மங்கல்தான் ஆனா சைஸ் சரி. கட் பண்ணி லைகேட் பண்ணி (வெக்டரோட ஒட்டி) மூணு காலனிய சீக்வென்சிங் அனுப்பினா மூணுலயும் மியூட்டேஷன். ஒண்ணுல ஒரு பேஸ் விட்டுப்போய் ஃப்ரேமே நகந்துடுச்சு, ஒண்ணுல நடுவுல ஸ்டாப் கோடான் வந்து உக்காந்திருக்கு, இன்னொண்ணுல ஒரு அமினோ ஆசிட் மாறியிருக்கு. கைடு பாத்துட்டு "யாரும்மா குளோனிங்குக்கு டாக் போடச் சொன்னா"ன்னு ஒரே வரி. அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி ஃபியூஷன்ங்கிற ஹை ஃபிடிலிட்டி (தப்பு கம்மியா காப்பி அடிக்கிற) என்சைம் 100 யூனிட் வாங்கினோம்.

இப்பதான் கதையே. அதே புரோகிராம், 94 டிகிரில 5 நிமிஷம், அப்புறம் இழை பிரிய 94 முப்பது செகண்ட், பிரைமர் (காப்பிய ஆரம்பிச்சு வைக்கிற குட்டி டிஎன்ஏ) ஒட்ட 58 முப்பது செகண்ட் (அனீலிங்), இழை நீள 72 ஒன்றரை நிமிஷம் (எக்ஸ்டென்ஷன்), 35 சைக்கிள். ஒண்ணுமே இல்ல. ஜெல்ல சைஸ் காட்டுற லேடர் மட்டும் பளிச்சுன்னு நிக்குது, என் லேன் எல்லாம் கார்த்திகைக்கு மறுநாள் தெரு மாதிரி இருட்டு. என்சைம் கம்மியோன்னு 25 மைக்ரோலிட்டர்ல அரை மைக்ரோலிட்டர் போட்டத ஒண்ணு ஆக்கினேன், வெல்லுல இருந்து கீழ வரைக்கும் ஒரே ஸ்மியர் (கண்ட சைஸும் கலந்த இழுவல்). எக்ஸ்டென்ஷன் பத்தலையோன்னு 3 நிமிஷம் குடுத்தேன், ஸ்மியர் இன்னும் பளபளன்னு வருது. அதே டெம்ப்ளேட் (மூல டிஎன்ஏ) அதே பிரைமர் டாக்ல போட்டா இன்னிக்கும் பேண்ட் வருது. பார்சல் வந்தப்போ ஜெல் பேக் எல்லாம் உருகித் தண்ணியா கெடந்துச்சு, மே மாச வெயில், அதுல என்சைம் செத்துப்போச்சோன்னு ஒரு பயம் வேற. இன்னொரு வயல் கேட்டா கைடு என்னைத்தான் மண்ணுல பொதைப்பாரு. யாராவது வழி சொல்லுங்க.

பழைய_பைப்பெட்

என்சைம் சாகலம்மா, மொதல்ல அந்த பயத்தை விடு. செத்த என்சைம் ஸ்மியர் போடாது. அளவு கூட்டினதும் ஸ்மியர் வந்துச்சுன்னு நீயே சொல்ற, அப்போ அது நல்லாவே வேலை செய்யுது, நீதான் அதை தப்பான எடத்துல வேலை செய்ய விடுற.

நீ பண்ணின தப்பு ஒண்ணே ஒண்ணுதான், டாக்கோட புரோகிராம்ல இதைப் போட்டது. நிறைய பேர் பண்றது, நானும் பண்ணிருக்கேன், வெக்கப்பட ஒண்ணுமில்ல. பேரு ரெண்டுக்கும் பாலிமரேஸ்தான், ஆனா ஊரே வேற. டாக் வந்தது தெர்மஸ் அக்வாட்டிகஸ்ல இருந்து, அமெரிக்காவுல எல்லோஸ்டோன் வெந்நீர் ஊத்துல 70 டிகிரி பக்கம் வாழுற பாக்டீரியா, தாமஸ் பிராக் 1969ல அதைப் பத்தி எழுதினாரு. ஃபியூஷன், க்யூ5, பிஎஃப்யூ மாதிரி ஆளுங்க பூராவும் ஆர்க்கியாங்கிற வேற நுண்ணுயிர்க் கூட்டத்துச் சொந்தம். பிஎஃப்யூ வர்ற பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் இத்தாலில வல்கானோ தீவுல எரிமலைச் சூட்டுல கெடக்குற கடல் மண்ணுல கெடைச்சது, 100 டிகிரிலதான் அதுக்கு குஷியே. ஃபியூஷன் அந்த பைரோகாக்கஸ் வகையறா என்சைமோட டிஎன்ஏவ இறுக்கிப் புடிக்கிற ஒரு குட்டிப் புரோட்டீன ஒட்டவச்சு செஞ்சது. அந்தப் புடிதான் வேகத்துக்குக் காரணம், சும்மா பிஎஃப்யூன்னா ஒரு கேபிக்கு 2 நிமிஷம் கேக்கும், இது 15ல இருந்து 30 செகண்ட்ல முடிச்சிரும்.

இப்ப உன் புரோகிராமுக்கு வருவோம். 94 டிகிரி, 71 சதவீத ஜிசிக்கு அது பத்தவே பத்தாது, ரெண்டு இழையும் முழுசா பிரியாது. டாக்கை 98ல போட்டா சீக்கிரம் சோர்ந்துரும், அதனாலதான் எல்லாரும் 94, 95ன்னு பழகிட்டோம். இது 98ல மணிக்கணக்கா தாங்கும், 98ல 30 செகண்ட் ஆரம்பம், அப்புறம் ஒவ்வொரு சைக்கிளுக்கும் 98ல 10 செகண்ட், ஜெனோமிக் டிஎன்ஏ வேற ஜிசியும் அதிகம்னா ஆரம்பத்தை மட்டும் ரெண்டு மூணு நிமிஷம் ஆக்கிக்கோ.

58ல அனீலிங், இங்கதான் நீ விழுந்தது. டாக்குக்கு டிஎம்ல (ஒட்டின பிரைமர்ல பாதி பிரியுற சூடு) இருந்து 5 கழிப்போம். இதுக்கு தலைகீழ். பிரைமர் 20 பேஸுக்கு மேல இருந்தா, ரெண்டுல எதுக்கு டிஎம் கம்மியோ அதோட 3 டிகிரி கூட்டணும். இந்த பஃபர்ல உப்பு வேற கணக்கு, அதுக்கு மேல அந்த ஒட்டுப் புரோட்டீன் வேற, பிரைமர் கெட்டியா உக்காரும், கம்மி சூட்டுல விட்டா கண்ட எடத்துலயும் உக்காரும். உன் ஸ்மியர்ல பாதி அதுதான். டிஎம்ம ஜிசிக்கு நாலு ஏடிக்கு ரெண்டுன்னு விரல் விட்டு எண்ணாத, அந்தந்த என்சைம் கம்பெனி வெப்சைட்ல டிஎம் கால்குலேட்டர் இருக்கும், என்சைம் பேரைக் குடுத்தா அதோட பஃபருக்கு ஏத்த மாதிரி சொல்லும். இன்னொண்ணு, டெம்ப்ளேட்டோட ஒட்டுற பகுதிய மட்டும் அதுல போடு, ரெஸ்ட்ரிக்ஷன் சைட் (வெட்டுற என்சைமுக்கான எடம்) வாலையும் சேத்துப் போட்டா நம்பர் கன்னாபின்னான்னு ஏறும்.

எக்ஸ்டென்ஷன் 3 நிமிஷம், ஐயோ. 1.4 கேபிக்கு 45 செகண்ட் தாராளம். அதுக்கு மேல குடுத்தா அதுக்கு வேலை இல்லாம கண்டதையும் இழுக்க ஆரம்பிக்கும். என்சைமும் 50 மைக்ரோலிட்டருக்கு 1 யூனிட் போதும், வயல்ல மைக்ரோலிட்டருக்கு 2 யூனிட் இருக்கும், அப்போ உன் 25க்கு கால் மைக்ரோலிட்டர். நீ மொதல்லயே அதோட ரெண்டு மடங்கு போட்ட, அப்புறம் நாலு மடங்கு. கால் மைக்ரோலிட்டர யாராலயும் ஒழுங்கா எடுக்க முடியாது, கிளிசரால் பிசுக்குல டிப்போட வெளிப்பக்கம் ஒட்டுறதே அந்தளவு இருக்கும், அதனால ஆறு டியூபுக்கு சேத்து மாஸ்டர் மிக்ஸ் போடு, 150க்கு ஒன்றரை மைக்ரோலிட்டர், டிப் நுனிய திரவத்துக்குள்ள முக்காம மேலாப்ல வச்சு எடு.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். மிக்ஸ் எங்க வச்சு போட்ட, ஐஸ்லயா டேபிள் மேலயா? போட்டதுக்கும் மெஷின்ல வச்சதுக்கும் எவ்ளோ நேரம்?

ஸ்ட்ரெப்டோ_பொண்ணு

அண்ணா நீங்க கேட்டதும் வயித்துல புளி கரைக்குது. ஐஸ் மெஷின் ரிப்பேர், அதனால டேபிள் மேல தான். அன்னிக்கு பிசிஆர் மெஷின் சீனியர் புக் பண்ணிருந்தாங்க, அவங்க ரன் முடியுற வரைக்கும் ஒரு மணி நேரம் சும்மா ரேக்ல வச்சிருந்தேன். டாக்குக்கு எப்பவும் அப்படித்தான் பண்ணுவேன், ஒண்ணும் ஆனதில்ல.

பழைய_பைப்பெட்

அங்க இருக்கு உன் காணாமப் போன பேண்ட்!

இந்த என்சைமுக்கு ஹை ஃபிடிலிட்டின்னு பேர் வந்ததே அது திரும்பிப் பாத்து திருத்துறதாலதான். தப்பான பேஸ வச்சிட்டா அந்த எடத்துல தடுமாறும், 3 பிரைம் முனைய (வளர்ற இழையோட நுனி) தன்னோட இன்னொரு அறைக்குள்ள நகத்தி அந்த பேஸ வெட்டிப் போட்டுட்டு மறுபடி வைக்கும், எக்ஸோநியூக்ளியேஸ் வேலை. டாக்குக்கு அந்த அறை பேருக்குத்தான், வேலை செய்யாது. ஆனா வெட்டுற பல்லு இருக்குற ஆளு சும்மா இருக்கும்போதும் எதையாவது மெல்லும் இல்லியா, ஒத்தை இழையா மிதக்குற உன் பிரைமரோட 3 பிரைம் முனைதான் அதுக்கு முறுக்கு. ஒரு மணி நேரம் அறைச் சூட்டுல வச்சா முனை தேஞ்சு போகும், தேஞ்ச பிரைமருக்கு டிஎம்மும் கொறையும், ஒட்டினாலும் கண்ட எடத்துல ஒட்டும்.

அதனால ஐஸ் கண்டிப்பா வேணும், மெஷின் ரிப்பேர்னா ஃப்ரீசர்ல தண்ணி டப்பா வச்சாவது ஐஸ் பண்ணு, மீன் கடை ஐஸா இருந்தாலும் சரி. என்சைம் கடைசியாப் போடு, டிஎன்டிபி போடுறதுக்கு முன்னாடி என்சைமும் பிரைமரும் ஒண்ணா இருக்கவே கூடாது, கட்டுறதுக்கு செங்கல் இல்லன்னா இடிக்கிற வேலைதான் நடக்கும். பிளாக்க 98க்கு சூடு பண்ணி நிறுத்தி வச்சிட்டு ஐஸ்ல இருந்து நேரா அங்க வை. காசு இருந்தா ஹாட் ஸ்டார்ட் வகை வாங்கலாம், சூடாகுற வரைக்கும் அதோட வாயைக் கட்டிப் போட்டிருப்பாங்க. இல்லன்னா பிரைமர் ஆர்டர் பண்றப்பவே 3 பிரைம் கடைசி இணைப்ப பாஸ்ஃபோரோதயோயேட் கேளு, பல்லு பதியாது.

லட்சத்துல_ஒருத்தன்

பைப்பெட் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, நான் வேற பக்கம் இருந்து ஒரு கேள்வி கேக்குறேன். மூணு காலனியும் கெட்டதுக்கு டாக்தான் காரணம்னு எப்படி முடிவு பண்ணீங்க? மியூட்டேஷன் எந்த எடத்துல இருக்குன்னு பாத்தீங்களா? அந்த ஒரு பேஸ் விட்டுப்போனது எத்தனாவது பேஸ்?

ஸ்ட்ரெப்டோ_பொண்ணு

இப்பதான் சீக்வென்சிங் குரோமேட்டோகிராம தெறந்து பாத்தேன். விட்டுப்போனது ஜீன் தொடங்குற ஏடிஜில இருந்து எண்ணினா 9வது பேஸ். மத்த ரெண்டும் நடுவுல, 600 பக்கமும் 1100 பக்கமும்.

லட்சத்துல_ஒருத்தன்

நெனச்சேன். 9வது பேஸ்னா அது உங்க ஃபார்வர்ட் பிரைமருக்குள்ள இருக்கு. அந்த எடத்த எந்த பாலிமரேஸும் காப்பி அடிச்சு உண்டாக்கல, பிரைமர் செஞ்ச எடத்துலயே ஒரு பேஸ் விட்டுப்போன மாலிக்யூல் அது. பிரைமர் சிந்தசிஸ்ல ஒவ்வொரு பேஸும் சேர்ற ஸ்டெப்ல கொஞ்சூண்டு சேராமப் போகும், நீளம் கூடக் கூட அந்த மிச்சம் கூடும், சும்மா டீசால்ட் (உப்பு மட்டும் நீக்கி) பண்ணி வாங்கினா அதெல்லாம் உள்ளயே கெடக்கும். க்யூ5 போட்டாலும் சொர்க்கத்துல இருந்து என்சைம் எறக்கினாலும் அந்த தப்பு அப்படியே வரும். வாலோட சேத்து 40 பேஸுக்கு மேல போற பிரைமரா இருந்தா எச்பிஎல்சி இல்ல பேஜ் சுத்திகரிப்பு கேட்டு வாங்குங்க, இல்லன்னா ரெண்டு காலனி கூடுதலா சீக்வென்ஸ் பண்ணுங்க, அது சீப்.

மிச்சம் ரெண்டுக்கும் டாக் மேல கேஸ் போடலாம். கணக்கு போட்டு பாருங்க. டாக் ஒவ்வொரு தடவை இரட்டிக்கும்போதும் லட்சம் பேஸுக்கு ஏறக்குறைய 2 தப்பு விடும்னு வச்சுக்கோங்க, அளக்குற முறையப் பொறுத்து இந்த நம்பர் கூடக்கொறைய இருக்கும். ஃபியூஷனுக்கு எச்எஃப் (ஹை ஃபிடிலிட்டி) பஃபர்ல கம்பெனி சொல்றது கோடிக்கு 4.4, ஜிசி (அதிக ஜிசிக்கான) பஃபர்ல கோடிக்கு 9.5.

எத்தனை தடவை இரட்டிக்குதுன்னா எல்லாரும் சைக்கிள் நம்பர போட்டுருவாங்க, 35 சைக்கிள்னா 35ன்னு. அது தப்பு. உங்க ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஜெனோம் 87 லட்சம் பேஸ் பக்கம்னு வச்சுக்குவோம், 100 நானோகிராம் போட்டா அதுல உங்க 1.4 கேபி ஜீனோட பங்கு 0.016 நானோகிராம். கடைசில 500 நானோகிராம் புராடக்ட் வந்தா 31 ஆயிரம் மடங்கு, அதாவது 15 தடவை இரட்டிச்சிருக்கு, அவ்ளோதான். 15 தடவை, 1400 பேஸ், லட்சத்துக்கு 2, பெருக்கினா மாலிக்யூலுக்கு சராசரி 0.42 தப்பு. மூணுல ஒரு காலனி கெட்டுப்போகும். மூணுல ரெண்டு கெட்டது உங்க ராசி. அதே கணக்க ஃபியூஷனுக்கு போட்டா எச்எஃப் பஃபர்ல நூத்துக்கு ஒண்ணு கூட வராது, ஜிசி பஃபர்ல நூத்துக்கு ரெண்டு. அதனால மொதல்ல எச்எஃப் பஃபர்லயே 3 சதவீதம் டிஎம்எஸ்ஓ (இழை பிரிய உதவுற கரைப்பான்) போட்டு பாருங்க, வராட்டி மட்டும் ஜிசி பஃபர். டிஎம்எஸ்ஓ போட்டா டிஎம் கொறையும், 10 சதவீதத்துக்கு 5-6 டிகிரி, 3க்கு ரெண்டு டிகிரி கணக்குல கழிச்சுக்கோங்க.

இன்னொண்ணு, டாக்க விட 50 மடங்கு, 280 மடங்குன்னு டப்பா மேல போட்டிருக்குறத ஒண்ணுக்கு பக்கத்துல ஒண்ணு வச்சு ஒப்பிடாதீங்க. பழைய முறைல காலனி கலர் மாறுறத எண்ணுவாங்க, இப்ப மாலிக்யூல நேரா சீக்வென்ஸ் பண்ணி எண்ணுறாங்க, ஒரே என்சைமுக்கு ரெண்டு முறைல ரெண்டு நம்பர் வரும். ஒரே ஆய்வுல பக்கம் பக்கமா அளந்திருந்தா மட்டும்தான் ஒப்பீடு செல்லும்.

பனங்கொட்டை

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன், நானும் உதே பாடுதான் பட்டனான். நான் விழுந்த கிடங்கு வேற, அதையும் சொல்லி வைக்கிறன், நாளைக்கு ஆருக்காவது உதவும். ஹை ஃபிடிலிட்டி என்சைமில வாற புராடக்டின்ர முனை மொட்டையா இருக்கும், டாக் மாதிரி கடைசியில ஒரு ஏ வைக்காது. நான் அது தெரியாமல் ஒரு கிழமையா டிஏ வெக்டரோட (அந்த ஏ வாலோட ஒட்டுற வெக்டர்) மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தனான், தட்டு முழுக்க நீலக் காலனி (வெறும் வெக்டர்), வெள்ளை (ஜீன் ஏறினது) எண்டு மருந்துக்கும் இல்லை. பிறகுதான் ஒரு அக்கா சொன்னவ, மொட்டை முனைக்கு மொட்டை முனை வெக்டர் பாவிக்க வேணும், இல்லாட்டி கொலம்ல சுத்தம் செய்துபோட்டு டாக்கும் டிஏடிபியும் போட்டு 72ல 20-30 நிமிஷம் வைச்சு ஏ வால் ஒட்ட வேணும் எண்டு. சுத்தம் செய்யாமல் டாக் போட்டால் பழைய என்சைம் அந்த ஏயைத் திரும்பக் கடிச்சுப் போடும்.

உங்களுக்கு ரெஸ்ட்ரிக்ஷன் வெட்டுத்தானே, டிஏ பிரச்சினை இல்லை, ஆனா சுத்தம் செய்யிறது உங்களுக்கும் வேணும். பிசிஆர் டியூபுக்குள்ளயே என்டிஇ-1ஐயும் எக்ஸ்ஹோ-1ஐயும் ஊத்தினா அது வெட்டும்தான், ஆனா ரெண்டும் வைக்கிறது 5 பிரைம் நீட்டிக்கொண்டு இருக்கிற முனை, மிச்சம் இருக்கிற பாலிமரேஸும் டிஎன்டிபியும் சேர்ந்து அதை நிரப்பி மொட்டை ஆக்கிப் போடும். பிறகு லைகேஷன் ஏன் வரேல்லை எண்டு அழ வேண்டியதுதான். என்டிஇ-1 முனைக்குக் கிட்ட ஒழுங்கா வெட்டாது, சைட்டுக்கு முன்னால ஆறு பேஸாவது விட்டனீங்களோ எண்டும் ஒருக்கா பாருங்கோ.

ஐஸ்பெட்டி_அக்கா

எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் காசு விஷயம் பேசுறேன், ஏன்னா எங்க லேப்ல பர்ச்சேஸ் ஃபைல் என் தலைல தான்.

ஒண்ணு, அந்த 100 யூனிட்ட குளோனிங்குக்கு மட்டும் வச்சுக்கோ கண்ணு. காலனி பிசிஆருக்கு அத எடுத்தா கைய ஒடிப்பேன். காலனில இன்செர்ட் இருக்கா இல்லியான்னு பாக்க டாக் போதும், அங்க லட்சத்துக்கு ரெண்டு தப்பு வந்தா யாருக்கு என்ன, பேண்ட் சைஸ்தானே பாக்குற. எங்க லேப்ல ஒரு எம்எஸ்சி தம்பி 48 காலனிய ஹை ஃபிடிலிட்டில போட்டுட்டு "நல்லா வந்துச்சுக்கா"ன்னு வந்து நின்னான், எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல.

ரெண்டு, உருகின பார்சல். இந்த என்சைம் எல்லாம் பாதிக்குப் பாதி கிளிசரால்ல இருக்கும், மைனஸ் 20லயும் உறையாது. ஒரு நாள் வழில சூடு பட்டதுக்கு 98 டிகிரிய தாங்குற புரோட்டீன் உடனே செத்துராது, ஆனா போட்டோ எடுத்து மெயில் போட்டு வை, நாளைக்கு தகராறுன்னா கையில இருக்கும். அதைவிட கெடுதல் தானா பனி உருக்குற ஃப்ரீசர், ஒரு நாளைக்கு சில தடவை சூடேத்தும். கரண்ட் போற ஊர்னா மினி கூலர் டப்பால போட்டு ஃப்ரீசரோட பின் மூலைல வை, கதவுல வைக்காத.

மூணு, எல்லாரும் என்சைம மட்டும் சந்தேகப்படுவாங்க, டிஎன்டிபி பாட்டில் எவ்ளோ பழசுன்னு யாரும் பாக்க மாட்டாங்க. பல தடவை உருகி உறைஞ்ச டிஎன்டிபில டிசிடிபி கொஞ்சம் கொஞ்சமா டியூடிபியா (யுரேசில் உள்ளது) மாறும். டாக்குக்கு யுரேசில் இருந்தா கவலையே இல்ல, தாண்டிப் போயிட்டே இருக்கும். ஆர்க்கியா பாலிமரேஸுக்கு மட்டும் யுரேசில மோப்பம் புடிக்க தனியா ஒரு பை இருக்கு, டெம்ப்ளேட்ல அதப் பாத்தா நாலு பேஸ் முன்னாடியே நின்னுரும். டாக்ல வருது இதுல வரலன்னா இதையும் ஒரு காரணமா பாரு. டிஎன்டிபிய சின்ன சின்ன டியூபா பிரிச்சு வைக்கிறது அம்மா வீட்டுல இட்லி மாவு பிரிச்சு வைக்கிற மாதிரி, ஒரு தடவை வெளில வந்தது திரும்ப உள்ள போகக் கூடாது. சைக்கிளும் 35 வேணாம், 28-30ல நிறுத்து, அதுக்கு மேல புராடக்ட் ஏறாது, சூட்டுல சைட்டோசின் கெட்டு யுரேசில் ஆகுறதுதான் மிச்சம்.

நிஜமாவே காசு இல்லன்னா பிஎஃப்யூவும் அந்த ஒட்டுப் புரோட்டீனும் சேந்த பிளாஸ்மிட் பக்கத்து லேப்ல யார்கிட்டயாவது இருக்கும், அந்த ஒட்டு யோசனை 2004லயே பேப்பரா வந்தது. ஈகோலைல எக்ஸ்பிரஸ் பண்ணி லைசேட்ட (செல்ல உடைச்ச சாறு) 75 டிகிரில அரை மணி வச்சா ஈகோலை புரோட்டீன்ல பெரும்பாலும் திரிஞ்சு அடில போயிரும், நம்ம ஆளு மட்டும் தெளிவா மேல நிப்பாரு, அப்புறம் நிக்கல் காலம்ல (புரோட்டீன பிரிச்செடுக்குற குழாய்) சுத்தம் பண்ணணும். நாங்க ஒரு லிட்டர் கல்ச்சர்ல செஞ்சது ரெண்டு வருஷமா ஓடுது. ஒரே எச்சரிக்கை, அதுல ஈகோலை டிஎன்ஏ ஒட்டிக்கிட்டு வரும், 16எஸ் (எல்லா பாக்டீரியாலயும் இருக்குற ஜீன்) பிசிஆருக்கு அத எடுத்தா நெகட்டிவ் கன்ட்ரோல்லயும் பேண்ட் வந்து பேயறையும்.

லட்சத்துல_ஒருத்தன்

அக்கா சொன்னதுல ஒரு திருத்தம், கோவிச்சுக்காதீங்க. வீட்டுல செஞ்ச என்சைம்ல பேண்ட் வருதுங்கறதும் ஃபிடிலிட்டி நல்லா இருக்குங்கறதும் ஒண்ணு இல்ல. பஃபர்ல மெக்னீசியம் கூடினாலே தப்பு கூடும், டிஎன்டிபி நாலும் சமமா இல்லன்னாலும் கூடும். செஞ்சு வச்சதுல நாலஞ்சு குளோனாவது முழுசா சீக்வென்ஸ் பண்ணி பாத்துட்டு நம்புங்க.

ஐஸ்பெட்டி_அக்கா

பாத்தோம்பா பாத்தோம், பதினொண்ணு. எல்லாம் சுத்தம்.

ஸ்ட்ரெப்டோ_பொண்ணு

பத்தொன்பது நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சிருங்க, நடுவுல கமிட்டி மீட்டிங் வேற.

மீன் கடை ஐஸ்தான் கடைசில. தெர்மாகோல் பொட்டில வாங்கிட்டு வந்தேன், லேப் முழுக்க ரெண்டு நாள் வஞ்சிரம் வாசனை, சீனியர் மூஞ்சி போன போக்க பாக்கணும். புது டிஎன்டிபி, எச்எஃப் பஃபர், 3 சதவீதம் டிஎம்எஸ்ஓ, 100 நானோகிராம் டெம்ப்ளேட், பைப்பெட் அண்ணா சொன்ன மாதிரி ஆறு டியூப் மாஸ்டர் மிக்ஸ், என்சைம் கடைசி. 98ல 2 நிமிஷம், அப்புறம் 98 பத்து செகண்ட், அனீலிங் கிரேடியன்ட், 72ல 45 செகண்ட், 30 சைக்கிள். கிரேடியன்ட்ல 64, 66, 68, 70, 72ன்னு அஞ்சு டியூப், ஆறாவது டெம்ப்ளேட் இல்லாதது.

64ல மூணு பேண்ட், நம்ம 1400 ஒண்ணு, 500 பக்கம் ஒண்ணு, அதுக்கும் கீழ மங்கலா ஒண்ணு. 66ல 500 இன்னும் இருக்கு. 68ல அது நிழல் மாதிரி. 70லயும் 72லயும் ஒரே ஒரு பேண்ட், 72ல கொஞ்சம் மெலிஞ்சு. டெம்ப்ளேட் இல்லாதது காலி. நான் ஓட்டிட்டு இருந்த 58 எங்க, 70 எங்க! ஜெல் போட்டோ எடுக்குற ரூம்ல யாரும் இல்லன்னு நெனச்சு கத்திட்டேன், பக்கத்து லேப் சார் கதவத் தெறந்து பாத்துட்டு போனாரு.

70ல நாலு டியூப் ஓட்டி, காலம்ல சுத்தம் பண்ணி (பனங்கொட்டை, நன்றி, நான் நேரா டியூப்ல ஊத்துறதா தான் இருந்தேன்), கட் பண்ணி, லைகேட் பண்ணி, டாக்ல காலனி பிசிஆர் பண்ணி, அக்கா சத்தியமா டாக்ல தான், நாலு காலனிய ரெண்டு பக்கமும் சீக்வென்ஸ் அனுப்பினேன். மூணு சுத்தம். நாலாவதுல ரிவர்ஸ் பிரைமருக்குள்ள ஒரு ஜி காணோம், லட்சத்துல ஒருத்தன் சொன்ன அதே கதை, நடுவுல ஒரு தப்பு கூட இல்ல.

இப்ப அடுத்த பிரச்சினை, புரோட்டீன் செய்யத் தூண்டுற ஐபிடிஜி போட்டா புரோட்டீன் பூராவும் அடில பெல்லட்டோட போய் உக்காருது, மேல ஒண்ணுமே இல்ல. அதுக்கு தனியா ஒரு திரெட் போடுறேன், அங்க வந்துருங்க.

பழைய_பைப்பெட்

37ல இன்டியூஸ் பண்ணியா? 18ல ராத்திரி முழுக்க விட்டுப் பாரு, பாக்கிய அங்க பேசிக்கலாம்.